படமும் எண்ணும் ஒரே பேச்சு பேச: தொழில்நுட்ப நிறுவன பிராண்டிங்குக்கு முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 7 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-5 என்ற செயற்கை நுண்ணறிவு மாடலை நேரலையில் அறிமுகம் செய்தபோது திரையில் ஒரு பட்டை வரைபடம் வந்தது. 52.8 என்று எழுதியிருந்த பட்டை, 69.1 என்று எழுதியிருந்த பட்டையைவிட உயரமாக நின்றது. 69.1-க்கும் 30.8-க்கும் ஒரே உயரம். எழுதியிருந்த எண்களில் பிழை இல்லை, வரைந்ததில்தான் பிழை. அன்றைக்கே அந்தப் படம் சமூக ஊடகங்களைச் சுற்றி வந்தது. பெரிய சொதப்பல்தான் என்று நிறுவனத் தலைவர் சாம் ஆல்ட்மேனே ஒப்புக்கொண்டார்.

வாசகங்களைச் சரிபார்க்க எல்லா நிறுவனங்களிலும் யாராவது இருக்கிறார்கள். படம் சொல்வதைச் சரிபார்க்கத்தான் ஆள் கிடையாது. பட்டையின் உயரம், அம்பின் திசை, பூட்டுச் சின்னம், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் மொத்தத் தொகை என எல்லாமே ஒரு கூற்றைச் சொல்கின்றன. வாங்க வருபவர் வாசகத்தைத் தாண்டிப் போகலாம், படத்தைத் தாண்ட மாட்டார். அவருடைய பொறியாளரோ இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சொந்தமாக மென்பொருளோ சாதனமோ விற்கும், தனியாக ஒரு பிராண்ட் அணி வைத்துக்கொள்ள முடியாத நிறுவனங்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு டிசைனர், ஒரு மார்க்கெட்டிங் ஆள், நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கும் ஒரு பொறியாளர் இருந்தால் போதும். உதாரணத்துக்கு, தரவின் நகலைப் பாதுகாத்து வைக்கும் ஒரு கற்பனையான பேக்கப் சேவையின் அறிமுகப் பக்கத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்.

1. டிசைன் கோப்பைத் திறக்கும் முன் கூற்றுப் பட்டியல்

ஒரு ஷீட்டில் ஆறு நெடுவரிசைகள் போடுங்கள்: பக்கத்தில் வரப்போகும் வாசகம், அதன் பின்னால் உள்ள எண், எந்த நிலைமையில் அந்த எண் கிடைத்தது, ஆதாரக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, எந்தத் தேதிவரை செல்லும். ஓர் அறிமுகப் பக்கத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரிகள் போதும். அதற்கு மேல் போனால் வாசகர் மனதில் ஒன்றும் தங்காது.

மூன்றாவது நெடுவரிசையில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிடிபடும். நம் பேக்கப் சேவை “100 ஜிபி தரவை 12 நிமிடத்தில் ரீஸ்டோர் செய்யலாம்”, அதாவது சேமித்த நகலிலிருந்து மீட்கலாம் என்று சொல்ல விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட், எனவே 100 ஜிபி என்றால் 800 கிகாபிட். 12 நிமிடம் என்றால் 720 விநாடி. அப்படியானால் விநாடிக்கு 1.11 கிகாபிட் வேகம் வேண்டும். வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருப்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் அதே வேலைக்கு 8,000 விநாடி, அதாவது 2 மணி 13 நிமிடம் ஆகும். பொறியாளர் கொடுத்த எண் பொய்யில்லை; ஒரே டேட்டா சென்டருக்குள் இரண்டு சர்வர்களுக்கு இடையே அளந்திருப்பார். அந்த நிலைமை பக்கத்தில் இல்லாததால் அது பொய்யாகிவிடுகிறது.

இதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. நிலைமையை வாசகத்துக்குள்ளேயே கொண்டுவரலாம்: “ஒரே டேட்டா சென்டருக்குள் 100 ஜிபி, 12 நிமிடம்.” அல்லது உங்கள் கையில் இருக்கும் ஒன்றை மட்டும் பேசலாம்: ரீஸ்டோர் முழுவதும் முடியும்வரை காத்திருக்காமல் முதல் கோப்பைத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை. மூன்றாவது, பார்வையாளர் தன் இணைப்பு வேகத்தையும் தரவின் அளவையும் நகர்த்திப் பார்க்க ஒரு சின்ன கணிப்பானைப் பக்கத்தில் வைக்கலாம். இந்த மூன்றாவதுதான் டிசைனருக்கும் பிடிக்கும், பொறியாளருக்கும் பிடிக்கும். பக்கத்தின் முகப்புப் படமாகவே அதை வைத்துவிடலாம். துல்லியம் டிசைனின் கையைக் கட்டும் என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, முடிந்த படத்தில் திருத்தம் கேட்கும்போது புலம்புகிறவர்கள்.

பட்டியலில் அடிக்கடி வரும் சில எண்களை மட்டும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள். ‘99.9% இயக்க நேரம்’ என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் சேவை நின்றாலும் வாக்குறுதி மீறப்படவில்லை என்று பொருள். 99.99% என்றால் 4 நிமிடம் 19 விநாடி. நான்கு ஒன்பதுகள் போஸ்டரில் அழகாக இருக்கின்றன என்பதற்காக மூன்றை நான்காக்க முடியாது. ஒப்பந்தத்தில் உறுதி தரும் அளவு, கடந்த ஆண்டு உண்மையில் கிடைத்த அளவு, இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும். தாமத நேரத்துக்குச் சராசரியை மட்டும் போடாதீர்கள். சராசரி 40 மில்லிவிநாடி இருக்கும்போதே நூற்றில் ஒரு கோரிக்கை 2 விநாடி எடுக்கலாம். அந்த ஒன்றைப் பற்றித்தான் புகார் வரும்.

அலகுகளிலும் இதே கதைதான். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1 டிபி (டெராபைட்) வட்டு என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1,024-இன் மடங்கில் கணக்கிட்டு 931 ஜிபி என்று காட்டும். சேமிப்பிடம் விற்கும் நிறுவனம் எந்தக் கணக்கில் கட்டணம் வசூலிக்கிறதோ அதே கணக்கைத்தான் விலைப் பக்கத்திலும் காட்ட வேண்டும்.

அடிக்குறிப்பை நம்பித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள், பொறுப்புத் துறப்பு வாசகம் கூற்று இருக்கும் அதே மொழியிலும் அதே எழுத்துருவிலும் இருக்க வேண்டும் என்கின்றன. தலைப்பைத் தமிழில் போட்டு, நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடியாகப் போடும் பழக்கம் இதில் அடிபடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

2. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது

சுருக்குவது தவறில்லை. வாங்குபவர் எடுக்கும் முடிவை மாற்றாத விவரத்தை விடலாம், மாற்றும் விவரத்தை விடக் கூடாது. இந்த ஒரு சோதனை போதும்.

வைஃபை அலையன்ஸ் 2018-இல் செய்தது நல்ல சுருக்கம். 802.11என், 802.11ஏசி, 802.11ஏஎக்ஸ் என்று பெட்டியில் எழுதிக்கொண்டிருந்ததை வைஃபை 4, 5, 6 என்று மாற்றினார்கள். எது புதியது என்று எண்ணே சொல்லிவிடுகிறது, தரநிலையில் எதுவும் மறைக்கப்படவில்லை. யூஎஸ்பி இதற்கு நேர் எதிர். 5 கிகாபிட் வேகம் கொண்ட ஒரே தரம் முதலில் யூஎஸ்பி 3.0, பிறகு 3.1 ஜென் 1, பிறகு 3.2 ஜென் 1 என்று பெயர் மாறிக்கொண்டே போனது. பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவருக்குப் பழைய வேகமே கிடைத்தது. 2022-இல்தான் யூஎஸ்பி அமைப்பு இறங்கிவந்து 5, 10, 20, 40 ஜிபிபிஎஸ் என்று வேகத்தையும், கேபிளுக்கு 60 வாட், 240 வாட் என்று மின்திறனையும் லோகோவிலேயே அச்சிடச் சொன்னது. எண்ணே லோகோவாகிவிட்டது. குழப்பமான தயாரிப்பு வரிசை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் பின்பற்றத்தக்க தீர்வு இது.

பெயரே பொய்யாவதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி ஓர் உதாரணம். அமெரிக்காவில் 4ஜி எல்டிஇ வலைப்பின்னலில் ஓடிய போன்களின் திரையில் ‘5ஜி இ’ என்ற சின்னத்தை வரவைத்தார்கள். 2020-இல் அந்நாட்டின் விளம்பரச் சுயகட்டுப்பாட்டு மேல்முறையீட்டு வாரியம் அதன் விரிவான ‘5ஜி எவல்யூஷன்’ என்ற பெயரை விளம்பரங்களில் நிறுத்தும்படி பரிந்துரைத்தது. ஒரே ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். தொழில்நுட்ப அளவில் பாதுகாப்பான விளக்கம்கூட அவர்களிடம் இருந்தது. போனைப் பார்த்தவர் புரிந்துகொண்டதுதான் கணக்கில் வந்தது.

3. வரைபடங்கள்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

முதல் விதி, பட்டைகளை டிசைன் மென்பொருளில் கையால் இழுக்கக் கூடாது. எண்களை ஷீட்டிலோ வரைபட மென்பொருளிலோ கொடுத்து அதிலிருந்து எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படக் கோப்பு) எடுத்து, பிறகு நிறமும் எழுத்தும் மாற்றுங்கள். கையால் வரைந்த பட்டையில், கடைசி நேரத்தில் எண் மாறும்போது எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு உயரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பழைய ஸ்லைடை நகலெடுத்துப் புதிய எண்ணைத் தட்டும்போதும் இதே விபத்துதான்.

இரண்டாவது, பட்டை என்றால் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். போட்டியாளர் 92, நாம் 96. அச்சை 90-இல் தொடங்கினால் பட்டைகள் 2-க்கு 6 என்று நிற்கும், பார்ப்பவருக்கு மூன்று மடங்கு தெரியும். உண்மையான வித்தியாசம் 4.3%. சின்ன வித்தியாசம்தான் முக்கியம் என்றால் பட்டையை விட்டுவிட்டுப் புள்ளி வரைபடத்துக்குப் போங்கள். புள்ளிக்கு நீளம் இல்லை, அதனால் அச்சை எங்கே தொடங்கினாலும் ஏமாற்று இல்லை. அச்சின் எண்கள் தெளிவாக இருந்தால் போதும். இன்னொரு வழி, பார்வையைத் திருப்புவது. துல்லியம் நூற்றுக்கு 92-இலிருந்து 96 ஆனது என்றால் பிழை 8-இலிருந்து 4 ஆனது, அதாவது பாதி. பிழை எண்ணிக்கைதான் வாடிக்கையாளருக்கு வலிக்கிறது என்றால் அதையே பூஜ்ஜியத்திலிருந்து வரையுங்கள். நேர்மையாகவும் இருக்கும், கண்ணுக்கும் எடுப்பாக இருக்கும்.

முப்பரிமாண வட்ட வரைபடம் வேண்டவே வேண்டாம். 2008 மேக்வேர்ல்ட் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய படத்தில் ஆப்பிளின் 19.5% துண்டு முன்பக்கம் சாய்ந்து நின்றதால், பின்னால் இருந்த 21.2% துண்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சாய்த்து வரைந்தாலே முன்பக்கம் பெருக்கும், பின்பக்கம் சுருக்கும். வரைபவர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்குத் தெரியாது. நீளத்தையும் இடத்தையும் கண் சரியாக ஒப்பிடும், கோணத்தையும் பரப்பையும் அவ்வளவு சரியாக ஒப்பிடாது என்பதை 1984-லேயே புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்ட், மெக்கில் இருவரும் சோதனை செய்து காட்டிவிட்டார்கள். சர்வர் படம் ஒன்றை இரண்டு மடங்கு உயரமாக்கி “இரண்டு மடங்கு திறன்” என்று போடுவதும் இதே வகைதான்: உயரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும், பரப்பு நான்கு மடங்கு ஆகிவிடும். இரண்டு சர்வர் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கூட்டுத்தொகை வரைபடம் இன்னொரு பொறி. இதுவரை விற்ற மொத்தம் என்ற கோடு ஒருபோதும் கீழே இறங்காது, விற்பனை சரிந்தாலும் மேலேதான் போகும். முதலீட்டாளர்களுக்கு அனுப்பும் பிரசுரத்தில் இதை வைத்தால் முதல் கேள்வியே ‘காலாண்டு வாரியாக எங்கே?’ என்று வரும்.

‘குறைவாக இருந்தால் நல்லது’ என்ற குறிப்பு தாமத நேர வரைபடங்களில் கட்டாயம். இல்லையென்றால் உங்கள் குட்டையான பட்டையைப் பார்த்து நீங்கள் தோற்றதாகவே முடிவு கட்டுவார்கள். உங்கள் பட்டைக்கு பிராண்ட் நிறமும் மற்றவற்றுக்குச் சாம்பலும் கொடுப்பது நியாயமான அழுத்தம். அகலத்தைக் கூட்டுவது, நிழல் போடுவது, போட்டியாளரின் மூன்று வருடப் பழைய பதிப்போடு ஒப்பிடுவது அந்தக் கணக்கில் வராது. பதிப்பு எண்ணும் அளந்த மாதமும் வரைபடத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

முடிந்த படத்தை வெளியிடும் முன் அளவுகோல் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு பட்டையின் உயரத்தையும் பிக்சலில் எடுத்து அதன் எண்ணால் வகுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வர வேண்டும். அலகுக்கு 5 பிக்சல் என்றால் 69.1-க்கு 345 அல்லது 346, 52.8-க்கு 264, 30.8-க்கு 154. இரண்டு நிமிட வேலை.

4. அமைப்புப் படங்களும் சின்னங்களும்

அம்பு எதைக் குறிக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தரவு போகும் திசையா, இணைப்பைத் தொடங்குபவர் யார் என்பதா? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நம் பேக்கப் சேவையில் வாடிக்கையாளரின் கணினியில் இருக்கும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள்தான் 443 போர்ட் என்ற இணைப்பு வாயில் வழியாக வெளியே இணைப்பை ஏற்படுத்துகிறது. ரீஸ்டோர் நேரத்தில் தரவு உள்ளே வருகிறது, ஆனால் இணைப்பைத் தொடங்கியது அப்போதும் ஏஜென்ட்தான். டிசைனர் கிளவுடிலிருந்து அலுவலகத்துக்குள் ஓர் அழகான வளைந்த அம்பு போட்டால், வாடிக்கையாளரின் பாதுகாப்பு அணி ‘ஃபயர்வாலில் எந்த போர்ட்டைத் திறக்கச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கும், கொள்முதல் இரண்டு வாரம் தள்ளிப்போகும். திடமான கோடு இணைப்பு, புள்ளிக்கோடு தரவு என்று பிரித்து, மூலையில் இரண்டு வரிக் குறிப்பு வைத்தால் முடிந்தது.

பெட்டிக்குள் பெட்டி போட்டால் அது எல்லையைச் சொல்கிறது: யாருடைய கணக்கு, யாருடைய வலைப்பின்னல், எந்த நாடு. அலங்காரத்துக்காகப் பின்னணியில் போடும் வட்டமான செவ்வகம்கூட எல்லையாகப் படிக்கப்படும். பொதுப் பக்கத்தில் ஏழெட்டுப் பெட்டிகளுக்கு மேல் வேண்டாம். முழு விவரமுள்ள படத்தை ஆவணத் தளத்தில் வைத்து இணைப்புக் கொடுங்கள். இரண்டுக்கும் நிறமும் பெயர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் ‘பாதுகாப்புப் பெட்டகம்’ என்றும் ஆவணத்தில் ‘ஸ்டோரேஜ் நோட்’ என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தெரியாது.

பூட்டுச் சின்னத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் குரோம் 117-ஆம் பதிப்பில் முகவரிப் பட்டையிலிருந்த பூட்டை கூகுள் எடுத்துவிட்டது. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது என்பதை மட்டுமே அது சொன்னது. மக்களோ தளமே நம்பகமானது என்று புரிந்துகொண்டார்கள். 2021-இல் கூகுள் செய்த ஆய்வில் 11% பேர்தான் அதன் சரியான பொருளைச் சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் பூட்டை வைத்தால் அதற்குக் கீழே எது பூட்டப்பட்டிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஜூம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ‘முனைக்கு முனை மறையாக்கம்’, ‘256-பிட்’ என்று விளம்பரப்படுத்தியது. சாவிகளை நிறுவனமே வைத்திருந்ததையும் மறையாக்கம் சொன்ன அளவுக்கு இல்லாததையும் சுட்டி 2020 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்ட, சமரசத்துக்கு வர வேண்டியதாயிற்று. ‘ராணுவத் தர மறையாக்கம்’ என்ற சொற்றொடரையும் விட்டுவிடுங்கள். ஏஇஎஸ்-256 என்று மறையாக்க முறையின் பெயரைச் சொன்னால் தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கும் கேட்கும் விதத்தில் கெத்தாகவே இருக்கும்.

5. புகைப்படம், ஸ்கிரீன்ஷாட், கோட்

சால்டரிங் அயர்னின் சூடான உலோகப் பகுதியைக் கையால் பிடித்திருக்கும் பெண்ணின் ஸ்டாக் புகைப்படம் பல ஆண்டுகளாக எலக்ட்ரானிக்ஸ் வட்டாரத்தில் சிரிப்புப் பொருள். அதுபோன்ற படத்தை வாங்கிப் போட்டால், நீங்கள் விற்கும் பொருளை நீங்களே தொட்டதில்லை என்று அர்த்தம் ஆகிவிடும். உங்கள் அலுவலகத்திலேயே, உங்கள் பலகையையே, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போன் கேமராவில் எடுத்த படம் அதைவிட மேல். சாதனப் படத்தை இடவலமாகத் திருப்பாதீர்கள். போர்ட்டுகள் தப்பான பக்கம் போய்விடும், விசைப்பலகை கண்ணாடியில் தெரிவதுபோல ஆகும். ஏஐ உருவாக்கிய படமென்றால் சிப்பின் மேல் உள்ள எழுத்து, கேபிள் முடியும் இடம், விரல்கள் மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

டாஷ்போர்டு மாதிரிப் படங்களில் வழக்கமாக நடப்பது: வட்ட வரைபடத்தின் துண்டுகளைக் கூட்டினால் 104% வரும், வரிசைகளின் கூட்டுத்தொகை கீழே உள்ள மொத்தத்தோடு ஒட்டாது, பிப்ரவரி 30 என்று தேதி இருக்கும். கணக்கு மென்பொருள் விற்பவர் 10,000 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி 1,850 என்று காட்டினால் அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். மாதிரித் தரவை டிசைனர் யோசித்துத் தட்டாமல், தயாரிப்பின் சோதனைக் கணக்கிலிருந்து ஏற்றுமதி செய்து ஒட்டட்டும். ஐபி முகவரி காட்ட வேண்டியிருந்தால் ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் தொகுதிகளிலிருந்து எடுங்கள். யாருடைய நிஜ சர்வரும் அதில் மாட்டாது, ஐபி முகவரியில் வரவே முடியாத, 255-ஐத் தாண்டும் சினிமா எண்களும் வராது.

கோட் (நிரல்) துண்டு பக்கத்தில் இருந்தால் அது ஓட வேண்டும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் தானியங்கித் திருத்தம்: இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாகும், நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகும். நகலெடுத்து டெர்மினலில் ஒட்டியவருக்குப் பிழைச் செய்தி வரும், அதற்குக் காரணம் பிராண்ட் எழுத்துரு என்று அவருக்குத் தெரியாது. கோட் துண்டுக்குச் சம அகல எழுத்துரு வையுங்கள், அதில் பூஜ்ஜியமும் ஓ எழுத்தும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சில எழுத்துருக்கள் ‘!=’ போன்ற குறிகளை ஒட்டி ஒரே குறியாகக் காட்டும்; விளக்கப் பக்கத்தில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

எந்தெந்த நாடுகளில் சேவை உண்டு என்று உலக வரைபடம் போடுகிறவர்கள் இந்திய எல்லையைச் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வடிவத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல எஸ்விஜி கோப்புகளில் ஜம்மு காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும், இந்தியாவில் அதை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பத்து ஊர்ப் பெயர்களைப் பட்டியலாகப் போட்டால் வேலையும் முடியும், வம்பும் இல்லை.

6. நிறமும் எழுத்தும்

அணுகல்தன்மை விதிமுறையான டபிள்யூசிஏஜி சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச மாறுபாடு கேட்கிறது. பெரிய எழுத்துக்கும் (24 பிக்சல், தடித்தது என்றால் ஏறத்தாழ 18.7 பிக்சல்) பட்டன் ஓரம், வரைபடக் கோடு போன்றவற்றுக்கும் 3:1. எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள்: வெள்ளைப் பின்னணியில் ஆர்ஜிபி 118, 118, 118 சாம்பல் 4.54 வாங்கித் தேறும். ஒரே ஒரு படி வெளுத்த 119, 119, 119 சாம்பல் 4.48-இல் தோற்கும். டிசைனர்களுக்குப் பிடித்த 153 சாம்பலுக்கு 2.85தான் கிடைக்கும், அதில்தான் வழக்கமாக நிபந்தனை வாசகங்களை எழுதுகிறார்கள்!

தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நியான் நீலப்பச்சை மேல் ஒரு மோகம். 0, 229, 255 என்ற நிறம் கறுப்பின் மேல் 13-க்கு மேல் வாங்கும், அதே நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து 1.5-தான். அதனால் ஒவ்வொரு பிராண்ட் நிறத்துக்கும் ‘இதன் மேல் எந்த எழுத்து நிறம்’ என்று வழிகாட்டியிலேயே எழுதிவையுங்கள். வரைபடத்துக்குச் சிவப்பு-பச்சை ஜோடியைத் தவிர்த்து நீலம் 0, 114, 178, ஆரஞ்சுச் சிவப்பு 213, 94, 0 போன்ற, நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரித்துத் தெரியும் ஒகாபே-இட்டோ தொகுப்பின் நிறங்களை எடுக்கலாம். அந்த நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து 5.2 வாங்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெயரையும் எழுதுங்கள்.

அச்சுக்குப் போகும்போது திரையின் பளிச்சிடும் நீலம் நான்கு மை அச்சு முறையான சிஎம்ஒய்கே-யில் மங்கி ஊதா சாயும். மென்பொருள் தானாக மாற்றித் தரும் அளவை நம்பாமல், அச்சகத்தில் சாம்பிள் எடுத்துப் பார்த்து அளவை நிலைப்படுத்துங்கள். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100% போதும். நான்கு மையையும் கலந்தால், தகடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிற நிழல் விழும்.

தமிழில் பக்கம் தயாரிப்பவர்களுக்குச் சில கூடுதல் விவரங்கள். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைனில் தெற்காசிய எழுத்துகளுக்கான கம்போசரைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் இடம் மாறும். கண்ணில் படாமல் ஃபிளெக்ஸ்வரை போய்விடும் பிழை இது. ஆங்கிலத்துக்கு 1.4 வரி இடைவெளி போதுமென்றால் தமிழுக்கு 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கூ’வின் வளைவும் முட்டாமல் இருக்கும். எழுத்துகளை நெருக்கும் அமைப்பைத் தமிழில் தொடாதீர்கள். தடித்த வடிவம் தனியாக வரையப்பட்ட எழுத்துருவை (நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவை) எடுங்கள். மென்பொருள் செயற்கையாகத் தடிப்பாக்கினால் ‘ண’, ‘ஜ’வின் உள்வெளிகள் அடைபடும். விலை அட்டவணைகளுக்குச் சம அகல எண்களை இயக்குங்கள், 1-உம் 8-உம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்.

7. லோகோ கோப்புகள்

இதை நீட்ட வேண்டியதில்லை. மூலக்கோப்பு எஸ்விஜி. உலாவிக்கு 16, 32, 180 பிக்சல். ஐஓஎஸ் செயலிக்கு 1024. ஆண்ட்ராய்டுக்கு 108 டிபி (dp, ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) சதுரம், அதில் நடுவில் 66 டிபி வட்டத்துக்குள் இருப்பது மட்டுமே எல்லா போனிலும் வெட்டுப்படாமல் தெரியும். பகிர்வுப் படத்துக்கு (சமூக ஊடகத்தில் இணைப்பைப் போட்டால் வரும் படம்) 1200 × 630. சர்க்யூட் கோடுகள் நிறைந்த லோகோ 16 பிக்சலில் அழுக்குப் புள்ளியாகும், அதற்கென எளிய வடிவம் ஒன்றைத் தனியாக வரையுங்கள். 2015-இல் கூகுள் தன் லோகோவை எளிய வட்டங்களும் கோடுகளுமாக மாற்றியபோது, சுமார் 14,000 பைட் இருந்த கோப்புக்கு 305 பைட்டில் ஒரு வடிவம் தயாரிக்க முடிந்தது. மெதுவான இணைப்புகளுக்கு அது நேரடி லாபம்.

8. சரிபார்ப்பு: யார், எப்போது, எந்தக் கேள்வி

பொறியாளரை இரண்டு முறை மட்டும் கூப்பிடுங்கள். கூற்றுப் பட்டியல் முடிந்ததும் ஒரு முறை, படங்கள் 80% முடிந்ததும் ஒரு முறை. கடைசி நாளில் கூப்பிட்டால் அவர் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள், அல்லது எல்லாவற்றையும் கேட்டுப் பக்கம் நாறிவிடும்.

அவர் தரும் ஒவ்வொரு குறிப்பும் மூன்றில் ஒரு முத்திரையோடு வர வேண்டும்: ‘தவறு’, ‘தவறாகப் புரியும்’, ‘பிடிக்கவில்லை’. முதலாவதைத் திருத்தியே ஆக வேண்டும். இரண்டாவதில் எப்படித் திருத்துவது என்பதை டிசைனர் முடிவு செய்வார், திருத்தாமல் விட அனுமதி இல்லை. மூன்றாவதை நன்றி சொல்லி விட்டுவிடலாம். இந்தப் பிரிப்பு இல்லாத இடங்களில் அம்பின் திசையும் நீலத்தின் சாயலும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஒரே சத்தத்தில் விவாதிக்கப்படும்.

பிறகு நிறுவனத்துக்கு வெளியே ஐந்து பேரிடம் ஒவ்வொரு படத்தையும் ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, ‘இது என்ன சொன்னது?’ என்று கேளுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வதைக் கூற்றுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை இருவர் சொன்னாலே படத்தை மாற்ற வேண்டும். அது உங்களுக்குச் சாதகமான தவறாக இருந்தாலும்.

9. வெளியிட்ட பிறகு

ஆறாவது நெடுவரிசையில் இருக்கும் தேதிகளை நாட்காட்டியில் ஏற்றுங்கள். வேக ஒப்பீடுகளுக்கு ஆறு மாதம், அல்லது போட்டியாளரின் அடுத்த பெரிய பதிப்பு, எது முதலில் வருகிறதோ அது. தேதி தாண்டிய கூற்று மறுபடி அளக்கப்பட வேண்டும், இல்லையென்றால் இறக்கப்பட வேண்டும்.

பிழை வெளியே போய்விட்டால் பக்கத்தை மட்டும் திருத்தினால் தீராது. அதே படம் விற்பனை ஸ்லைடிலும், பங்குதாரர்களுக்கு அனுப்பிய பிடிஎஃபிலும், கண்காட்சி ஸ்டாண்டியிலும் இருக்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, அது போன இடங்களையெல்லாம் அதே ஷீட்டில் இன்னொரு தாளில் குறித்துவையுங்கள். இணையத்தில் திருத்திய படத்தைப் புதிய கோப்புப் பெயரில் ஏற்றுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால் உலாவி சேமித்து வைக்கும் கேஷில் இருக்கும் பழைய படமே பலருக்கு வரும். லிங்க்ட்இன், ஃபேஸ்புக் இரண்டும் பகிர்வுப் படத்தைத் தங்களிடம் சேமித்து வைத்துக்கொள்ளும், அவற்றின் சோதனைக் கருவியில் இணைப்பைப் போட்டு மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் எந்தத் தேதியில் எந்த எண் திருத்தப்பட்டது என்று ஒரு வரி போடுங்கள். பழைய படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவர் கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.